ஒரே தான் துணியில் ஐந்து பேர்!

குட்டீஸ், தீபாவளிக்குத் துணிக்கடைப் பக்கம் போனபோது கவனித்தீர்களா? அப்பாவுக்குச் சட்டை, அம்மாவுக்குப் புடவை, அண்ணனுக்கு ஜிப்பா, தங்கைக்குப் பாவாடை என்று எல்லாமே ஒரே நிறத்தில், ஒரே பூப்போட்டு, 'பேமிலி காம்போ' என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். "இதுதான் டீச்சர் புது பேஷன்" என்றான் எதிர்வீட்டுப் பொடியன். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

உங்கள் தாத்தா, பாட்டியின் பழைய ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லோரும் ஒரே துணியில் வரிசையாக நிற்கும் போட்டோ ஒன்றாவது இருக்கும். பாண்ட் வாத்தியக் குழு போல!

அது பேஷனுக்காகச் செய்தது இல்லை, சிக்கனத்துக்காகச் செய்தது. ஆலையில் இருந்து வெட்டாமல், மடிப்பு மடிப்பாக வரும் நீளத் துணிக்கு 'தான்' என்று பெயர். ஒரே தானில் மொத்தமாக வாங்கினால் கடைக்காரர் விலையைக் குறைப்பார். அக்கா பாவாடையில் மிஞ்சும் மூலைத் துண்டு, தம்பியின் காலருக்கு ஆகும். அளவையும் தாராளமாகத்தான் தைப்பார்கள். 'வளர்ற பிள்ளை, டக் பிடிச்சுத் தைங்க' என்று அம்மாக்கள் சொல்வார்கள். பாவாடையின் அடியில் இரண்டு, மூன்று மடிப்புகள் இருக்கும். வருடத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டால் பாவாடையும் நம்மோடு வளரும்!

இதில் கஷ்டம் யாருக்குத் தெரியுமா? என்னைப் போலக் கடைசிப் பெண்ணுக்குத்தான். என் பாவாடை சின்னதாகி, 'அப்பாடா!' என்று மூச்சுவிட்டால், அதே பூப்போட்ட சின்னக்காவின் பாவாடை எனக்கு வரும். அதுவும் கிழிந்தால் பெரியக்காவுடையது வரும். மூன்று வருடம் ஒரே பூவைக் கட்டிக்கொண்டு திரிந்தேன்.

1970 தீபாவளி. எங்கள் ஊர் மதுரை. அப்பா ஒரு தானின் கடைசித் துண்டை மலிவாக வாங்கி வந்தார். 13 கஜம். (ஒரு கஜம் என்பது 36 அங்குலம், சுமார் 91 செ.மீ. மீட்டர் வந்த பிறகும் பெரியவர்கள் வாயில் கஜம்தான் வரும்.) அம்மாவுக்குத் தனியாக ஒரு நூல் புடவையும், அதற்கு ஜோடியாகக் காப்பித்தூள் நிற ஜாக்கெட் துணி ஒரு கஜமும் வாங்கியிருந்தார்.

தைக்கக் கொடுத்தது புது மண்டபத்தில். மீனாட்சி அம்மன் கோவிலுக்கு எதிரே, திருமலை நாயக்கர் 17ம் நூற்றாண்டில் கட்டிய மண்டபம் அது. கற்சிலைகளுக்கு நடுவே, தூணுக்குத் தூண் தையல் மிஷின் கடகடவென்று ஓடும். சித்திரைத் திருவிழாவுக்கு வேஷம் கட்டுகிறவர்களின் உடையும் அங்கேதான் தயாராகும்.

தையல்காரர் பாய் எங்களை நிற்க வைத்து அளவெடுத்து, காதில் இருந்த பென்சிலால் கணக்குப் போட்டார். பெரியக்கா பாவாடை, சட்டைக்கு 4½ கஜம். சின்னக்காவுக்கு 4. எனக்கு 3. பெரிய தம்பி சட்டைக்கு 1½. கடைக்குட்டிக்கு 1. நீங்களும் கூட்டிப் பாருங்கள். கூட்டியாச்சா? "ஒரு கஜம் இடிக்குதேம்மா" என்றார் பாய். அம்மா எங்களை வளையல் கடையை வேடிக்கை பார்க்க அனுப்பிவிட்டு, அவரிடம் ஏதோ பேசினார்.

தீபாவளி அன்று சின்னக்கா சட்டையைப் பார்த்தோம். முன்பக்கமும் கையும் எங்கள் பூத்துணி. முதுகுப் பக்கம் மட்டும் காப்பித்தூள் நிறம்! தெருப் பிள்ளைகள் பின்னால் நின்று கேலி செய்தார்கள். "எனக்கு மட்டும் ஏன் ஒட்டுத்துணி?" என்று அக்கா அழுதாள். அம்மா பதில் சொல்லவில்லை. ஒன்பது வயதுக்காரி எனக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. என் சட்டை முழுசாக இருந்ததே!

அன்று மாலை ஸ்டுடியோவுக்குப் போனோம். மாளிகையும் படிக்கட்டும் வரைந்த திரை, இரண்டு நாற்காலி, ஒரு பூ ஜாடி. அப்பாவும் அம்மாவும் நாற்காலியில் உட்கார, நாங்கள் சுற்றி நின்றோம். அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் ஒரு தந்திரம் உண்டு. பெண்ணுக்குப் பின்னால் ஆளுயரக் கண்ணாடியை நிறுத்துவார்கள். முகமும் தெரியும், பூ வைத்த ஜடையும் தெரியும்! எங்களுக்கும் கண்ணாடி வைக்கிறேன் என்றார் போட்டோக்காரர். நாங்கள் குதித்தோம். "வேண்டாம்" என்று அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இரண்டு நாள் நான் அம்மாவோடு பேசவில்லை.

இப்போது 2019க்கு வாருங்கள். அம்மாவுக்கு 84 வயது. அந்தப் போட்டோவைப் போலவே, எங்கள் பேரன் பேத்திகள் ஐந்து பேருக்கும் உடை தைத்து, மறுபடி ஒரு படம் எடுக்கலாம் என்று முடிவு செய்தோம். இப்படிச் செய்வது இப்போது நிறையப் பேருக்குப் பிடித்திருக்கிறது. 2020ம் ஆண்டு காலண்டர் ஒன்றுக்காக நடிகைகள் பலர், ராஜா ரவிவர்மாவின் ஓவியங்களில் இருப்பது போலவே உடுத்தி, நகை போட்டு, படம் எடுத்துக்கொண்டதைப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

முதல் சிக்கல் நிறம். படமோ கறுப்பு வெள்ளை. துணி பச்சை என்றேன் நான். 'நீலம்' என்றாள் பெரியக்கா. கடைசியில் அம்மாவின் டிரங்குப் பெட்டி அடியில் ஒரு சுருக்குப் பை கிடைத்தது. மிச்சத் துணியில் தைத்தது. அரக்கு நிறத்தில் மஞ்சள் பூ! இரண்டு பேரும் தோற்றோம். (நிறத்தைப் படத்தை வைத்து ஊகிப்பது சுலபம் இல்லை. நூறு வருடத்துக்கு முந்தைய பல போட்டோத் தகடுகள் சிவப்பு ஒளியை உணராது. சிவப்புப் புடவை கறுப்பாக விழும், வெளிர் நீலம் வெள்ளையாகிவிடும்.)

அடுத்து பூதக்கண்ணாடி. பேத்தி அதை வைத்து அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தாள். காலர் எவ்வளவு, கை நீளம் எவ்வளவு, யார் கை யார் தோளில்... திடீரென்று, "பெரிய பாட்டி ஏன் முந்தானையை ரெண்டு தோளையும் மூடிப் போர்த்தியிருக்காங்க? குளிரா?" என்று கேட்டாள்.

அம்மா சிரித்தார். "ஜாக்கெட்டு கை கிழிஞ்சிருந்துச்சுடி. தைச்சுப் போட்டிருந்தேன்" என்றார்.

"புது ஜாக்கெட் துணி எங்கே போச்சு?"

"அதான் உன் சின்னப் பாட்டி முதுகுல இருந்துச்சே!"

சின்னக்காவுக்கு அப்போது 61 வயது. 49 வருடமாக 'எனக்கு மட்டும் ஒட்டுத்துணி' என்று சொல்லிக்கொண்டே இருந்தவள். எழுந்து போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கண்ணாடி ஏன் வேண்டாம் என்றார் என்பதும் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு படம் எடுக்க ஆசையா? பெரியவர்களைக் கூட்டு சேர்த்துக்கொள்ளுங்கள். படத்தில் நாய்க்காது போல நீளக் காலரும், அடியில் விரிந்த பெல்பாட்டமும் இருந்தால் அநேகமாக 1970கள். ஜவுளிக்கடையில் அதே துணி கிடைக்காது, அலையாதீர்கள். அதே அளவுப் பூவோ கட்டமோ போட்ட பாப்ளின் போதும். எல்லோருக்கும் சேர்த்து அளவெடுத்த பிறகு வாங்குங்கள். அரை மீட்டர் கூடவே வாங்குங்கள். எங்கள் கதைதான் தெரியுமே!

முக்கியமான ஒன்று. பாட்டியின் பழைய பட்டுப் புடவையைக் கேட்காமல் எடுக்காதீர்கள். வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் இருந்தால் மடிப்பில் நூல் இற்றிருக்கும், உடுத்தினால் விரிந்துவிடும். வெட்டுவதோ... வேண்டவே வேண்டாம். நிற்கும்போது விறைப்பாக நில்லுங்கள். பல்லைக் காட்டி 'சீஸ்' சொன்னால் வேஷம் கலைந்துவிடும். அந்தக் காலத்தில் போட்டோ என்றால் கோவில் சன்னிதியில் நிற்பது போல!

எடுத்து முடித்ததும் பழைய படத்தின் பின்பக்கம், மெல்லிய பென்சிலால் யார் யார், எந்த வருடம் என்று எழுதி வையுங்கள். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடிப் பிடித்து, கம்ப்யூட்டரில் சேமித்திருக்கிறது. லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகம் அதற்கு உதவியது. பழைய படத்தில் இருப்பவர் யார் என்று சொல்ல ஆள் இல்லாமல் போவதுதான் பெரிய நஷ்டம்.

எங்கள் படம் என்ன ஆச்சு என்கிறீர்களா? அதே புது மண்டபத்தில் தைத்தோம். (இப்போது அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன.) அம்மா தன் இடத்தில் உட்கார்ந்தார். அப்பா இல்லை. அவர் நாற்காலியில் யாரையும் உட்கார வைக்காமல், அவருடைய துண்டை மடித்து வைத்தோம். ஐந்து வாண்டுகளும் விறைப்பாக நின்றார்கள்.

சின்னக்கா இடத்தில் நின்றது அவளுடைய பேத்தி. அவள் சட்டையின் முதுகு காப்பித்தூள் நிறத்தில்தான் இருக்க வேண்டும் என்று சின்னக்காவே பிடிவாதமாகச் சொல்லித் தைக்க வைத்தாள். முதல் படம் எடுத்து முடித்ததும் அம்மா போட்டோக்காரரைக் கூப்பிட்டார். "தம்பி, பின்னாடி ஒரு கண்ணாடி வச்சு எடுங்க" என்றார்.

அந்தப் படம்தான் சின்னக்கா வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.