எத்தனால் கலவாத பெட்ரோல்: சிறு இயந்திரங்களும் பழைய வாகனங்களும்

புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையைக் கடந்து ஹட்யாய் நோக்கிச் செல்லும் நம் நாட்டு வாகனமோட்டிகள், தாய்லாந்துப் பெட்ரோல் நிலையத்தில் முதன்முதலாக நிற்கும்பொழுது சற்றே திகைப்பதுண்டு. ரோன் 95, ரோன் 97 என்னும் இரு பெயர்களோடு பழகிய கண்களுக்கு அங்கே கேசோஹால் 91, கேசோஹால் 95, இ20 எனப் பல பெயர்கள் தென்படுகின்றன. அவற்றோடு சில நிலையங்களில் பென்சின் என்ற ஒன்றும் விற்கப்படுகிறது; அதன் விலையே மற்றவற்றைவிடக் கூடுதல். முதல் மூன்றிலும் எத்தனால் கலந்துள்ளது. விலை கூடிய பென்சினில் அது இல்லை. கலப்பில்லாத ஒன்றைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவோர் யாவர், அவர்களுக்கு அதற்கான தேவை என்ன என்பதையே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகிறோம்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. எத்தனால் என்பது வேறொன்றுமில்லை. கரும்புப்பாகு, மக்காச்சோளம், மரவள்ளி முதலியவற்றை நொதிக்கச் செய்து வடித்தெடுக்கும் சாராயமே. தமிழக நாளேடுகள் இதன் ஒரு வகையை எரிசாராயம் என்று எழுதுவதுண்டு. அச்சொல் பொருத்தமானதே. ஆயினும் பள்ளிப் பாடநூல்களில் எத்தனால் என்பதே நிலைபெற்றுவிட்டமையால் நாமும் அதனையே கையாளுகிறோம். இ10 என்றால் நூறு பங்கில் பத்துப் பங்கு எத்தனால். இ20 என்றால் இருபது பங்கு. எத்தனால் அறவே கலவாததை இ0 என்பர்.

எத்தனாலைக் கலப்பதற்கு நியாயமான காரணங்கள் உள்ளன. இறக்குமதி செய்யும் கச்சா எண்ணெயின் அளவு குறைகிறது. உழவர்க்குச் சந்தை கிடைக்கிறது. எத்தனாலின் ஆக்டேன் எண் 100-க்கும் மேற்பட்டதாதலால், கலவை எஞ்சினுள் தட்டுதலின்றி எரியவும் அது துணைபுரிகிறது. பிரேசில் 1975-ஆம் ஆண்டிலேயே பெருந்திட்டமாக இதனைத் தொடங்கியது. ஐக்கிய அமெரிக்கா 2005, 2007 ஆண்டுகளில் இயற்றிய சட்டங்களால் மக்காச்சோள எத்தனாலைத் தன் பெட்ரோலின் இயல்பான பகுதியாக்கிக்கொண்டது. இன்று அங்கு விற்பனையாகும் பெட்ரோலில் பெரும்பாலானது இ10. ஆகவே எத்தனாலை ஒரு கலப்படம் என்றோ நஞ்சு என்றோ பேசுவது சரியன்று. எரிபொருள் எவ்வளவு காலம் நிற்கிறது, எப்பொருளைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது என்னும் இரண்டு வினாக்களுக்குள்ளேயே நம் பொருள் முழுவதும் அடங்கிவிடுகிறது.

காலத்தைப் பற்றிய வினா நீரில் தொடங்குகிறது. எத்தனால் நீரோடு எந்த அளவிலும் கலக்கும், பெட்ரோலோடும் கலக்கும். பெட்ரோலும் நீரும் மட்டும் ஒன்றையொன்று ஏற்பதில்லை. தூய பெட்ரோல் ஒரு லிட்டருக்குச் சில துளி நீரைத்தான் கரைத்து வைத்திருக்கும். அதற்கு மேற்பட்டது தொட்டியின் அடியில் தங்கிவிடும். இ10 கலவையோ, ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ் வெப்பநிலையில், லிட்டருக்கு 5 மில்லிலிட்டர், அதாவது ஒரு தேக்கரண்டி நீரைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். இது ஒரு வகையில் நன்மையே. அன்றாடம் ஓடும் வாகனத்தின் தொட்டியில் சேரும் சிறிதளவு ஈரம் எரிபொருளோடு சேர்ந்து எஞ்சினுக்குள் சென்று ஆவியாகி வெளியேறிவிடுகிறது.

எல்லை மீறும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. கலவை தாங்கக்கூடிய அளவுக்கு மேல் நீர் சேர்ந்தாலோ, வெப்பநிலை குறைந்து தாங்கும் ஆற்றல் சுருங்கினாலோ, எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டு நீரின் பக்கம் சேர்ந்துகொள்கிறது. இரண்டும் சேர்ந்த கனத்த கலவை தொட்டியின் அடியில் தனி அடுக்காகப் படிகிறது. இதனை அடுக்குப் பிரிவு என்று அழைக்கலாம். தூய பெட்ரோலின் அடியில் தங்குவது வெறும் நீர், அளவிலும் சிறியது. இங்கோ எத்தனாலின் பெரும்பகுதியும் சேர்ந்து இறங்கிவிடுவதால் அடி அடுக்கு தடித்ததாக இருக்கிறது. எரிபொருளை உறிஞ்சும் குழாயின் வாய் தொட்டியின் அடியில்தானே உள்ளது? எஞ்சின் முதலில் இழுப்பது அந்த அடுக்கைத்தான். மேலே எஞ்சிய பெட்ரோலும் எத்தனாலை இழந்ததால் ஆக்டேனில் சில புள்ளிகள் குறைந்து நிற்கிறது. ஒருமுறை பிரிந்ததைக் குலுக்கியோ மருந்தூற்றியோ மீண்டும் நல்ல எரிபொருளாக்க முடியாது. அவ்வாறு ஆக்கித் தருவதாகச் சொல்லி விற்கப்படும் புட்டிகளை நாம் பரிந்துரைப்பதில்லை.

இந்நீர் எங்கிருந்து வருகிறது? காற்றிலுள்ள ஈரத்தை எத்தனால் சில நாள்களிலேயே குடித்துவிடும் என்று பலரும் எழுதுகின்றனர். அது மிகைக்கூற்று. இறுக மூடிய கலத்தில் அவ்வாறு நிகழ்வதில்லை. மூச்சுத்துளையுள்ள, பாதி காலியான தொட்டி பகலில் சூடேறி இரவில் குளிர்ந்து மாதக்கணக்கில் நிற்கும்போதுதான் ஈரம் சிறிது சிறிதாகச் சேர்கிறது. மழையில் நனையும் மூடியும் தளர்ந்த வளையமும் அதைவிடப் பெரிய வழிகள்.

இவ்வியல்பை ஆய்வுக்கூடத்தில் மாணவர்க்குக் காட்டலாம். 100 மில்லிலிட்டர் அளவுருளையில் 10 மில்லிலிட்டர் நீரை ஊற்றி, அதன்மேல் 90 மில்லிலிட்டர் பெட்ரோலைச் சேர்த்து, மூடிக் குலுக்கி, சற்று நேரம் அசையாது வைக்க வேண்டும். பெட்ரோலில் எத்தனால் இல்லையெனில் இரண்டையும் பிரிக்கும் கோடு 10-லேயே நிற்கும். இ10 எனில் எத்தனால் நீரோடு இறங்கிவிடுவதால் கோடு 19-ஐ நெருங்கும். இதனை ஆசிரியரே, காற்றோட்டமான இடத்தில், தீப்பொறிக்கு இடமில்லாத வகையில் செய்து காட்டுதல் வேண்டும். மாணவர் கையில் கொடுக்கத்தக்க சோதனை அன்று. இதே முறையில் எத்தனாலைக் கழுவி நீக்கி வீட்டிலேயே இ0 தயாரிக்கலாமே என்று ஒரு மாணவர் கேட்கக்கூடும். கூடாது. எத்தனால் தரும் ஆக்டேனை நம்பித் தயாரிக்கப்பட்ட பெட்ரோல் அதனை இழந்தபின் தரம் தாழ்ந்துவிடும்; கழிவுநீரைக் கொட்டவும் இடமிருக்காது.

சிறு இயந்திரங்கள் ஏன் முதலில் பாதிக்கப்படுகின்றன என்பது இப்போது விளங்கும். புல்வெட்டும் இயந்திரம், மரம் அறுக்கும் இயந்திரம், மின்னாக்கி, படகின் வெளிப்புற எஞ்சின் ஆகியவை ஆண்டில் பெரும்பகுதி ஓய்ந்திருப்பவை. அவற்றின் தொட்டிகள் மூச்சுத்துளை கொண்டவை. கார்புரேட்டரின் துளைகளோ மயிரிழை போன்றவை. இருவீச்சு எஞ்சின்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவற்றுக்கென்று தனியே மசகெண்ணெய்த் தேக்கம் இல்லை. பெட்ரோலில் கலந்த எண்ணெயே உள்ளுறுப்புகளை வழுவழுப்பாக வைத்திருக்கிறது. அடுக்குப் பிரிவு நிகழ்ந்தால் எண்ணெய் மேலடுக்கில் உள்ள பெட்ரோலோடு தங்கிவிடும். எஞ்சின் எண்ணெயற்ற சாராய நீரை இழுத்து ஓடி, சற்று நேரத்தில் உருளைக்குள் உந்துதண்டு இறுகி நின்றுவிடும்.

எரிதலிலும் ஒரு வேறுபாடு உண்டு. ஒரு கிலோ பெட்ரோல் முற்றும் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். புதிய வாகனங்களில் உணர்கருவியும் கணினியும் இதனை அறிந்து எரிபொருளைக் கூட்டிக்கொள்கின்றன. துளையளவு மாறாத கார்புரேட்டருக்கு அந்த அறிவு இல்லை. ஆகவே இ10 ஊற்றப்பட்ட பழைய எஞ்சின், காற்று ஏறத்தாழ 4 விழுக்காடு மிகுந்த கலவையில், இயல்பைவிடச் சூடாக ஓடுகிறது. மேலும், எத்தனால் ஒரு லிட்டரில் தரும் ஆற்றல் பெட்ரோலின் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கே.

இனி, எரிபொருள் தொட்டு நிற்கும் பொருள்களைக் காண்போம். எத்தனாலை எதிர்பாராமல் கட்டப்பட்ட பழைய வாகனங்களின் இரப்பர்க் குழாய்களும் தக்கை அடைப்புகளும் எத்தனால்பட்டால் ஊதும். பின்னர் உலர்ந்து வெடிக்கும். துத்தநாகமும் அலுமினியமும் கலந்து வார்த்த கார்புரேட்டர்கள் நீரேறிய எத்தனாலால் அரிக்கப்பட்டு வெண்பொடி பூக்கும். பழைய கண்ணாடியிழைத் தொட்டிகளின் பிசின் இளகிப்போன நிகழ்ச்சிகள் படகுகளில் உண்டு. பல்லாண்டு படிந்த அழுக்கையும் எத்தனால் கரைத்துக் கொண்டுவந்து வடிகட்டியை அடைக்கும். இவற்றுள் பலவும் செலவு மட்டுமே. வெடித்த குழாய் அவ்வாறன்று. சூடான எஞ்சினின்மேல் பெட்ரோல் சொட்டினால் தீப்பற்றும். வண்டியோடு உயிரும் போகக்கூடும். பழைய வாகனம் வைத்திருப்போர் எந்தப் பெட்ரோலை ஊற்றுகிறோம் என்று ஆராயும் முன்னர், எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக மாற்றிவிடுதல் நலம். அச்செலவு சிறியது.

இந்நிலையில் அரசுகள் வகுத்துள்ள வழிகள் ஒப்பிட்டு நோக்கத்தக்கவை. ஐக்கிய அமெரிக்கா 15 விழுக்காட்டு எத்தனால் கலவையை 2001-ஆம் ஆண்டு மாதிரியும் அதற்குப் பிந்தியவையுமான கார்களுக்கு மட்டுமே அனுமதித்து, மோட்டார் சைக்கிள், படகு, புல்வெட்டும் இயந்திரம் ஆகியவற்றுக்கு அதனைத் தடை செய்துள்ளது. படகுத் துறைகளிலும் சிற்றூர்களிலும் இ0 தனியே விற்கப்படுகிறது. பிரித்தானியா 2021 செப்டம்பரில் இ10-ஐப் பொதுத் தரமாக்கியபோது, உயர்தரப் பெட்ரோலில் எத்தனால் 5 விழுக்காட்டைத் தாண்டாதவாறு பழைய வாகனங்களுக்கென விட்டுவைத்தது. இந்தியாவோ 2022 ஜூனில் 10 விழுக்காட்டை எட்டி, 2030-க்கென முதலில் குறித்திருந்த 20 விழுக்காட்டை 2025-லேயே எட்டிவிட்டது. இ20-க்கு ஏற்ற பொருள்களால் ஆன வாகனங்கள் அங்கு 2023 ஏப்ரலுக்குப் பிறகே பரவலாயின. எத்தனால் கலவாத பெட்ரோலையும் மக்கள் தெரிவுசெய்ய இடமளிக்க வேண்டும் என்ற வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. பழைய எஞ்சின்களுக்குக் கேடில்லை என்பது அரசின் நிலைப்பாடு. எனினும், இ0-க்கென உருவாகி இ10-க்குச் சீரமைக்கப்பட்ட கார்களில் 6 முதல் 7 விழுக்காடும், இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 விழுக்காடும் எரிபொருள் சிக்கனம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021-ஆம் ஆண்டு அறிக்கையே மதிப்பிட்டிருந்தது. தமிழ்நாட்டில் இருபதாண்டுப் பழைய ஸ்கூட்டரில் வேலைக்குச் செல்பவருக்கு இக்கணக்கு சிறியதன்று. கலப்புக் கொள்கையை நாம் குறை கூறவில்லை. ஆனால் ஒரு தரத்தையாவது பழைய வாகனங்களுக்கென விட்டுவைத்த பிரித்தானிய வழியே நேர்மையானது என்பது நம் கருத்து.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பெட்ரோலில் எத்தனால் கலக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மலேசியாவில் டீசலில்தான் செம்பனை எண்ணெயிலிருந்து பெறும் எரிபொருள் கலக்கப்படுகிறது. அப்படியிருந்தும், பள்ளியின் ஆண்டிறுதி விடுமுறைக்குப் பின் புல்வெட்டும் இயந்திரம் கிளம்ப மறுப்பதையும், கிழக்குக் கரையில் வெள்ளத்தால் மின்சாரம் துண்டிக்கப்படும் இரவில் மின்னாக்கி கைவிடுவதையும் நாம் காண்கிறோமே, ஏன்? எத்தனால் இல்லாத பெட்ரோலும் முதுமையடையும். எளிதில் ஆவியாகும் பகுதிகள் முதலில் பறந்துவிடுகின்றன; எஞ்சியது காற்றோடு வினைபுரிந்து பிசினாகிறது. கெட்டுப்போகும் வேகத்தில்தான் வேறுபாடே அன்றி, இ0 என்றும் இளமையாக இருக்கும் பொருளன்று. ரோன் எண் கூடிய பெட்ரோலை ஊற்றினால் இது நிகழாது என்று எண்ணுவதும் தவறு. அவ்வெண் தட்டுதலைத் தாங்கும் திறனைக் குறிக்கிறது. எத்தனாலின் அளவையோ சேமிப்புக் காலத்தையோ அன்று.

எனவே ஒரு மாதத்திற்கு மேல் ஓயவிருக்கும் இயந்திரத்தில், எந்த வகைப் பெட்ரோலாயினும், தொட்டியைக் காலி செய்துவிட வேண்டும். எரிபொருள் குழாயின் திருகை மூடி, கார்புரேட்டரில் எஞ்சியது தீர்ந்து எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிட வேண்டும். மரம் அறுக்கும் இயந்திரம் போன்று திருகு இல்லாதவற்றில் தொட்டியை வடித்துவிட்டு அவ்வாறே செய்யலாம். வடித்த பெட்ரோல் புதியதாயின் காரில் ஊற்றிவிடலாம். இருவீச்சு எண்ணெய் கலந்ததை மட்டும் காருக்குக் கொடுக்கலாகாது. தாய்லாந்து சென்று திரும்பிய பழைய காரை நெடுநாள் நிறுத்திவைப்பதற்கு முன், தொட்டியிலுள்ள கேசோஹாலை ஓட்டித் தீர்த்து, நம் நாட்டுப் பெட்ரோலை நிரப்பிச் சிறிது தொலைவு ஓட்டுவது நன்று. மின்னாக்கி வைத்திருப்போர் மாதம் ஒருமுறை அதனை வெளியில், திறந்த இடத்தில், பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.