வழக்கறிஞருக்கு ஓய்வு நாள் எது?

ஊரார் பிரச்சினையைச் சுமக்கும் வழக்கறிஞர் தம் மனச்சுமையை எங்கே இறக்கி வைப்பது? சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

கெடாவில் வெள்ளி, சனி வார விடுமுறை. அதனால் அலோர் ஸ்டார் நீதிமன்றங்கள் ஞாயிற்றுக்கிழமை இயங்குகின்றன. பக்கத்து மாநிலமான பினாங்கிலோ வெள்ளிக்கிழமை வேலை நாள். சனி, ஞாயிறு விடுமுறை. இரு மாநிலங்களிலும் வழக்கு வைத்திருப்பவருக்குப் பொதுவாக மிஞ்சுவது சனிக்கிழமை ஒன்றுதான். அதையும் கட்சிக்காரர்களின் தொலைபேசி அழைப்புகளும் எழுதி முடியாத வாதுரைகளும் எடுத்துக்கொள்கின்றன.

காலக்கெடு என்னும் கத்தி

சிவில் வழக்கில் சம்மன் கிடைத்த 14 நாட்களுக்குள் பிரதிவாதி முன்னிலைப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் விசாரணையே இல்லாமல் அவருக்கு எதிராகத் தீர்ப்பு வரலாம். இப்படிப் பல வழக்குகளின் தேதிகள் ஒரே தலைக்குள் ஓடும்போது தூக்கம் கெடுகிறது. தூக்கம் கெட்டால் கவனம் சிதறும். அதன் விலையைக் கட்சிக்காரரும் சேர்ந்து கொடுக்கிறார். ஆக, இது வழக்கறிஞரின் சொந்தப் பிரச்சினை மட்டுமல்ல.

சட்டம் காக்கிறதா?

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, 2023 முதல் வாரத்திற்கு 45 மணி நேரமே வேலை. ஆனால் மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் சம்பளம் பெறுவோருக்குக் கூடுதல் நேர ஊதியம் கட்டாயமில்லை. சொந்த நிறுவனம் நடத்தும் வழக்கறிஞருக்கோ இந்த வரம்பே கிடையாது.

ஏன் பேசுவதில்லை?

அனைத்துலக வழக்கறிஞர் சங்கம் 2021இல் வெளியிட்ட ஆய்வில் 3,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அவர்களின் சராசரி மனநலம் 100க்கு 51. 52க்குக் கீழே போனாலே மேற்கொண்டு பரிசோதனை தேவை என்று அந்த ஆய்வு எடுத்துக்கொண்டது. வேலைக்குப் பாதிப்பு வரும் என்ற அச்சமின்றி முதலாளியிடம் இதைப் பேச முடியாது என்றவர்கள் 41 விழுக்காட்டினர்.

நம் சமூகத்தில் இன்னொரு பாரமும் உண்டு. தோட்டப்புறக் குடும்பத்திலிருந்து முதன்முதலாக வழக்கறிஞரான பிள்ளை, "முடியவில்லை" என்று வீட்டில் எப்படிச் சொல்லும்?

என்ன செய்யலாம்?

மூத்த வழக்கறிஞர்கள் இளையோரின் வழக்குச் சுமையைப் பகிர்ந்து, ஓய்வு நாளை மதிக்க வேண்டும். குடும்பத்தார், "எத்தனை வழக்கு ஜெயித்தாய்?" என்பதற்கு முன், "தூங்கினாயா?" என்று கேட்கலாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவையே மலேசியா 2023இல் நீக்கிவிட்டது. சுகாதார அமைச்சின் ஹீல் 15555 எண்ணில் ஆலோசனை கிடைக்கிறது.

உதவி கேட்பது தோல்வியல்ல. வழக்கில் சிக்கியவர் வழக்கறிஞரை நாடுவதில்லையா? அதுபோலத்தான் இதுவும்.