கரையானும் ஒரு கடிதமும்

பணிமாறுதல் கலந்தாய்வில் இடம் கிடைத்து ஜெயங்கொண்டம் வந்தபோது, ஊருக்குள் ஒரு பழைய ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்தோம். முதல் மழைக்காலம் முடிவதற்குள் கதவு நிலையிலும் உத்திரத்திலும் கரையான் ஏறிவிட்டது. அலமாரியில் இருந்த பாடக்குறிப்பேடுகள் மண்ணாய் உதிர்ந்தன. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பார்க்கலாம் டீச்சர்" என்றார். நான்கு மாதம் ஓடிவிட்டது.

"வாடகையை நிறுத்துங்கள், தானாக வருவார்" என்றார் சக ஆசிரியர் ஒருவர். நல்லவேளை, அதைச் செய்யவில்லை. இரண்டு மாத வாடகைப் பாக்கி, வீட்டைக் காலி செய்யச் சொல்லி உரிமையாளர் வழக்குத் தொடரப் போதுமான காரணம்.

வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 22.02.2019 முதல் நடைமுறையில் உள்ளது. நகர்ப்புறங்களுக்கான இச்சட்டம் ஜெயங்கொண்டம் நகராட்சிக்கும் பொருந்தும். யார் எந்தப் பழுதைப் பார்க்க வேண்டும் என்பதை இதன் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. கட்டட அமைப்பு சார்ந்த பழுது, வெள்ளையடித்தல், குழாய் மாற்றுதல், மின்கம்பி வேலை ஆகியவை உரிமையாளருக்கு. சாக்கடை சுத்தம், கொசுவலை மாற்றுதல், பூட்டு, தாழ்ப்பாள் ஆகியவை நமக்கு.

அந்தப் பட்டியலில் கரையான், எலி, மூட்டைப்பூச்சி என்ற சொற்களே இல்லை. ஆகவே காரணத்தைப் பார்க்க வேண்டும். உத்திரமும் நிலையும் அரிக்கப்பட்டால் அது கட்டடப் பழுது என்று கேட்கலாம். நம் சமையலறைக் குப்பையால் கரப்பான் பெருகினால் பொறுப்பு நம்முடையது. ஒப்பந்தம் எழுதும்போதே 'பூச்சி ஒழிப்பு யார் செலவு' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் பின்னால் சண்டை இல்லை.

உரிமையாளர் தம் பொறுப்பிலுள்ள பழுதைச் செய்ய மறுத்தால், நாமே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு மாதத்தில் கழிப்பது வாடகையில் பாதியைத் தாண்டக் கூடாது. ரசீதுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். வீடு குடியிருக்கவே தகுதியற்றுப் போனால், 15 நாள் எழுத்து அறிவிப்புக் கொடுத்துவிட்டுக் காலி செய்யலாம்.

இவை எதற்கும் எழுத்து வேண்டும். என்னிடம் ஒப்பந்தமே இல்லை, வாய்ப்பேச்சுதான். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நிலையையும் உத்திரத்தையும் படம் எடுத்து, தேதியிட்டு, என்ன பழுது, எப்போது சொன்னேன், எத்தனை நாளில் வேண்டும் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

பத்தாம் நாள் தச்சரும் மருந்தடிப்பவரும் வந்தார்கள். அடுத்த மாதம் ஒப்பந்தமும் எழுதிக்கொண்டோம். வீட்டுக்காரருக்குக் கோபமில்லை; "முன்னாடியே எழுதிக் கொடுத்திருக்கலாமே" என்றார்.

தெருவிளக்கு வேண்டி நகராட்சி ஆணையருக்கு விண்ணப்பம் எழுது என்று ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குத் தேர்வு வைக்கிறோம். நமக்கொரு குறை வந்தால் மட்டும் வாயால் சொல்லிவிட்டு நான்கு மாதம் காத்திருக்கிறோம். அடுத்த முறை அந்தப் பாடம் நடத்தும்போது, என் கடிதத்தின் நகலையே வகுப்பில் காட்டப்போகிறேன்.