வெள்ளைத் திட்டைப் படிக்கும் கேமரா

2000-ஆம் ஆண்டு திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களை அழைத்து, கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவினார்கள். ஒரு நிமிடம் பொறுத்து, விளக்கைப் பிடித்துப் பார்த்தார்கள். எங்காவது வெள்ளைத் திட்டு தெரிந்தால் அங்கேயே அடுத்த பரிசோதனை. தேவைப்பட்டால் உறைய வைத்து அழிக்கும் கிரையோதெரபி சிகிச்சையும் அங்கேயே. சிகிச்சை தொடங்க ஆய்வக முடிவுக்காக வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

டாக்டர் ஆர். சங்கரநாராயணன் தலைமையிலான அந்த ஆய்வின் முடிவு 2007-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. 31 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பரிசோதிக்கப்பட்டிருந்தார்கள். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பஞ்சாயத்துகளில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மரணங்கள் 35 சதவீதம் குறைந்திருந்தன. செவிலியரின் கண்ணும் ஒரு மலிவான அமிலமும் சேர்ந்து உயிர்களைக் காப்பாற்றும் என்பதற்கு உலகுக்குக் கிடைத்த முதல் வலுவான சான்றுகளில் அது ஒன்று. இன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உருவாகும் கையடக்கக் கேமராக்களும் செயற்கை நுண்ணறிவு நிரல்களும் தேடுவது அதே வெள்ளைத் திட்டைத்தான்.

அமிலம் பட்டதும் திசு ஏன் வெளுக்கிறது? முட்டையின் வெண்கரு வேகும்போது கண்ணாடி போன்ற நிலை மாறி வெள்ளையாவதைப் பார்த்திருப்போம். புரதம் திரளும்போது ஒளி ஊடுருவாமல் சிதறித் திரும்புகிறது. கர்ப்பப்பை வாயில் ஏறக்குறைய அதுதான் நடக்கிறது, ஆனால் தற்காலிகமாக. புற்றுநோயை நோக்கிப் போகும் செல்களில் உட்கரு பெரிதாக இருக்கும், செல்களும் நெருக்கமாக அடுக்கியிருக்கும். அதனால் அந்த இடம் சீக்கிரம் வெளுத்து, விளிம்பு துலங்க, சில நிமிடங்கள் நின்று பிறகு மங்கும்.

சிக்கலும் இங்கேதான். வீக்கம் கண்ட திசு வெளுக்கும். இயல்பாகவே உருமாறிக்கொண்டிருக்கும் இளம் திசுவும் வெளுக்கும். திண்டுக்கல்லில் பரிசோதித்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு ‘பாசிட்டிவ்’ என்று வந்தது. அவர்களில் பெரும்பாலோருக்குப் பெரிய ஆபத்து இல்லை. எது சாதாரண வெண்மை, எது அபாய வெண்மை என்று சொல்வது பயிற்சியையும் வெளிச்சத்தையும் பார்ப்பவரையும் பொறுத்தது. மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் நடந்த இன்னொரு பெரிய ஆய்வு 2009-இல் வெளியானது. அங்கே இதே அமிலப் பரிசோதனை செய்த குழுவில் மரணங்கள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஆனால் இந்த நோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸின் மரபணுவைத் தேடும் பரிசோதனையை ஒரே ஒரு முறை செய்த குழுவில் மரணங்கள் ஏறக்குறைய பாதியாகின.

இந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கண் பார்த்துச் சொல்வது ஓரிடத்தில் அற்புதமாகவும் இன்னோரிடத்தில் பலவீனமாகவும் வேலை செய்கிறது. இந்த நோயை உண்டாக்குவது எச்.பி.வி. என்று காட்டியவர் ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் ட்சுர் ஹவுசன். 2008-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எனவே முதல் சல்லடையாக வைரஸ் பரிசோதனையையே 2021-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஆனால் வைரஸ் இருக்கிற எல்லோருக்கும் புற்றுநோய் வராது. பெரும்பாலோரின் உடல் அதைத் தானே விரட்டிவிடும். அப்படியானால் வைரஸ் உள்ள பெண்களில் யாருக்கு உடனே சிகிச்சை வேண்டும்? படங்களின் வேலை இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோப்பை 1925-இல் ஜெர்மனியில் ஹான்ஸ் ஹின்செல்மன் உருவாக்கினார். நூறாண்டாக அது கனமான, விலைகூடிய, பெரிய மருத்துவமனைக்கே உரிய கருவி. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் நிம்மி ராமானுஜம் குழு அதைக் கைக்குள் அடங்கும் ஒரு குச்சியாகச் சுருக்கியது. நுனியில் கேமராவும் எல்.இ.டி. விளக்கும் இருக்கும். படம் கைபேசியிலோ மடிக்கணினியிலோ தெரியும். பச்சை ஒளியும் உண்டு. அந்த ஒளியில் ரத்தக்குழாய்கள் கறுத்துத் துலங்கும், புற்றுநோய் வளரும் இடத்தின் கோணலான குழாய்களை அடையாளம் காணலாம். திசுவின் அருகிலேயே கேமரா போய்விடுவதால் பெரிய லென்ஸ்கள் வேண்டியதில்லை.

அதே குழு செய்த ‘காலாஸ்கோப்’ இன்னும் ஒருபடி மேலே போகிறது. கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை என்றாலே பெண்கள் தயங்குவதற்கு, யோனியை விரித்துப் பிடிக்கும் உலோக ஸ்பெகுலம் ஒரு பெரிய காரணம். அது குளிரும், அழுத்தும், சிலருக்கு வலிக்கும். அதைவிட முக்கியமாக, தன் உடல் தன் கையில் இல்லை என்ற உணர்வைத் தரும். காலாஸ்கோப்பில் ஸ்பெகுலம் கிடையாது. மெல்லிய குழாய் ஒன்றுதான், அதைப் பெண்ணே தனக்குள் செலுத்திக்கொள்ளலாம். பரிசோதனை செய்துகொள்ளாத பெண்களை ‘விழிப்புணர்வு இல்லாதவர்கள்’ என்று சொல்லிவிடுவது சுலபம். தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின் 2019-21 தரவில், இந்தியாவில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவானவர்களே இந்தப் பரிசோதனையை எப்போதாவது செய்திருக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் பத்து சதவீதத்தைத் தொடவில்லை. இதற்குப் பெண்களைக் குறை சொல்லும் முன், நாம் அவர்களுக்கு முன் நீட்டிய கருவியைப் பார்க்க வேண்டாமா?

டெக்சாஸின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ரெபெக்கா ரிச்சர்ட்ஸ்-கோர்ட்டம் குழு வேறு வழியில் போனது. திட்டு எப்படித் தெரிகிறது என்பதை விட்டுவிட்டு, செல்லின் உட்கருவையே பார்ப்போம் என்றார்கள். புரோஃப்ளேவின் என்ற சாயத்தைத் தடவினால் உட்கருக்கள் நீல ஒளியில் மினுங்கும். மெல்லிய ஒளியிழைக் கற்றையை அந்த இடத்தில் வைத்தால் அவை திரையில் புள்ளிகளாக விரியும். எத்தனை உட்கருக்கள் அளவுக்கு மீறிப் பெருத்திருக்கின்றன என்று நிரல் உடனே கணக்கிடும். பயாப்ஸிக்குத் திசுத் துண்டு எடுத்து, அனுப்பி, முடிவு வரும்வரை காத்திருக்கும் இடைவெளியில்தான் பல பெண்கள் திரும்பி வராமல் போகிறார்கள்; உடனே கிடைக்கும் இந்தக் கணக்கு அந்த இடைவெளியைக் குறைக்கப் பார்க்கிறது. பிரேசிலில் பாரெட்டோஸ் புற்றுநோய் மருத்துவமனை இந்தக் கருவியை வேனில் ஏற்றிக் கிராமப்புறங்களுக்குக் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்த்தது.

அடுத்து, எல்லோரும் பேசும் செயற்கை நுண்ணறிவு. கோஸ்டா ரிகாவின் குவானகாஸ்தே பகுதியில் 1990-களில் 9,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. அப்போது எடுத்த கர்ப்பப்பை வாய்ப் படங்களும், பின்னாளில் யாருக்கு நோய் முற்றியது என்ற விவரமும் பத்திரமாக இருந்தன. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் மார்க் ஷிஃப்மன் குழு அந்தப் படங்களைக் கொண்டு ஒரு நிரலைப் பழக்கியது. 2019-இல் வந்த முடிவு உலகச் செய்தியானது. துல்லியத்துக்கான அளவுகோலில் 1 என்பது முழு மதிப்பெண், 0.5 என்பது குருட்டாம்போக்கு. நிரல் 0.91 பெற்றது. அதே படங்களைப் பார்த்த நிபுணர்கள் 0.69, செல்களைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பாப் ஸ்மியர் 0.71.

அதன் பிறகு நடந்தது அவ்வளவாகப் பேசப்படவில்லை. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. பழைய படங்கள் எல்லாம் ஒரே வகை ஃபிலிம் கேமராவில் எடுத்தவை. வேறு கேமரா, கைபேசிப் படம் என்று வந்தபோது நிரல் தடுமாறியது. ஒரே பெண்ணை அடுத்தடுத்து இரண்டு படம் எடுத்தால் இரண்டுக்கும் இரண்டு பதில் சொல்லவும் கூடும் என்று தெரிந்தது. ஆய்வாளர்கள் இதை மறைக்கவில்லை. அவர்களே கட்டுரைகளாக எழுதினார்கள், மறுபடி அடியிலிருந்து தொடங்கினார்கள். புதிய நிரல் ‘இயல்பு’, ‘முன்புற்று’ (புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம்) என்ற இரண்டோடு ‘உறுதியில்லை’ என்றும் சொல்லப் பழகியது. தனியாகத் தீர்ப்பு சொல்லும் உரிமையும் அதனிடம் இப்போது இல்லை. முதலில் வைரஸ் பரிசோதனை, எச்.பி.வி.யின் ஆபத்து மிகுந்த 16-ஆம் வகையா, 18-ஆம் வகையா, ஆபத்து குறைந்த வகையா என்று பிரித்த பிறகே படம். இரண்டையும் சேர்த்துத்தான் முடிவு. இந்த முறையைப் பிரேசில், நைஜீரியா, மலாவி, கம்போடியா உள்ளிட்ட நாடுகளில் சோதிக்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டில் செவிலியரின் இடம் போய்விடுவதில்லை. முன்பெல்லாம் அவர் பார்த்த வெள்ளைத் திட்டு சில நிமிடங்களில் மங்கிவிடும்; சரியாகச் சொன்னாரா என்று யாரும் திரும்பிப் பார்க்க முடியாது. படம் இருந்தால் நகரத்து நிபுணர் அன்றே பார்க்கலாம், அடுத்த ஆண்டுப் படத்தோடு ஒப்பிடலாம், தவறினால் காட்டிக் கற்பிக்கலாம்.

கேமரா எட்டாத இடமும் உண்டு. மாதவிடாய் நின்ற பிறகு, நோய் வழக்கமாகத் தொடங்கும் இடமான, இரு வகைச் செல்கள் சந்திக்கும் எல்லைப்பகுதி பல பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயின் குழாய்க்குள் ஏறிவிடும். எவ்வளவு நல்ல லென்ஸானாலும் வெளியிலிருந்து அதைப் பார்க்க முடியாது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குப் படம் சுத்தமாக இருந்தாலும் அதை மட்டும் நம்பக் கூடாது.

கண்டுபிடித்த பின் என்ன செய்கிறோம் என்பதும் இருக்கிறது. அத்தனை கவனமாக நடந்த திண்டுக்கல் ஆய்விலேயே, முன்புற்று கண்ட பெண்களில் 72 சதவீதத்தினர்தான் சிகிச்சை பெற்றார்கள். கிரையோதெரபிக்கு எரிவாயு உருளை வேண்டும். அதைக் கிராமத்துக்குக் கொண்டுபோவது பெரும்பாடு. 2019-இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டி வெளியிட்ட வெப்பச் சிகிச்சைக்கு அது தேவையில்லை. பேட்டரியில் ஓடும் சிறு கருவியின் சூடேறிய முனையை அந்த இடத்தில் அரை நிமிடம்போல வைத்து எடுத்தால் போதும், பயிற்சி பெற்ற செவிலியரே செய்யலாம். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் புதிய கேமரா வாங்க ஆணை எழுதும்போது, இந்தக் கருவியும் அதே ஆணையில் இருக்க வேண்டும்.