கலர் குஞ்சு கூவியது ஏன்?

முட்டம் கடற்கரைத் தெருவில் சைக்கிள் மணி அடிக்கிறது. பின்னால் பெரிய கூடை. கூடை நிறையக் கோழிக்குஞ்சுகள். சிவப்பு, பச்சை, நீலம்!

பிள்ளைகள் ஓடி வருகிறார்கள். பாட்டியும் வருகிறாள்.

"பெட்டைக் குஞ்சாப் பாத்துத் தாரும்" என்கிறாள்.

"எல்லாம் பெட்டைதான், பாட்டியம்மா!"

பாட்டி ஐந்து குஞ்சு வாங்குகிறாள். முட்டை விற்றுப் பேத்திக்கு நோட்டுப் புத்தகம் வாங்கலாம் என்பது அவள் கணக்கு.

இரண்டு மாதம் ஆகிறது. பிழைத்தவை மூன்று. மூன்றுக்கும் கொண்டை சிவந்துவிட்டது. ஒன்று கூவவும் பார்க்கிறது!

அத்தனையும் சேவல்!

வேண்டாத குஞ்சுகள்

முட்டைப் பண்ணைக்குப் பெட்டைதான் வேண்டும். அந்த ஜாதிச் சேவல் கறிக்கும் சீக்கிரம் வளராது. அதனால் குஞ்சு பொரித்த உடனேயே பெட்டைகளைப் பிரித்து எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சிய சேவல்களில் பல அன்றே கொல்லப்படுகின்றன. சில, சாயம் பூசப்பட்டுத் தெருவுக்கு வருகின்றன.

பிறந்த குஞ்சுகள் எல்லாம் ஒன்றுபோல்தானே இருக்கும்? எப்படிப் பிரிக்கிறார்கள்?

ஜப்பானியர் வித்தை

இந்த வித்தையைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானியர். மசூயி, ஹாஷிமோட்டோ என்ற அறிஞர்களின் முறை 1927-ல் கனடாவில் கூடிய உலகக் கோழி மாநாட்டில் வெளியாயிற்று.

குஞ்சை இடக்கையில் பிடிக்க வேண்டும். எச்சத்தைப் பிதுக்கிவிட்டு, எச்சம் வரும் துவாரத்தை மெல்ல விரிக்க வேண்டும். நல்ல விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால், குண்டூசித் தலையைவிடச் சிறிய மணி ஒன்று தெரியும். தெரிந்தால் சேவல்.

இத்தோடு முடிந்தால் சுலபம். சில பெட்டைகளுக்கும் அந்த மணி உண்டு! அது உருண்டு மினுங்குகிறதா, மங்கிக் கிடக்கிறதா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல வேண்டும். கைதேர்ந்தவர்கள் ஒரு மணி நேரத்தில் சுமார் 1,000 குஞ்சு பார்க்கிறார்கள். நூற்றுக்கு 98 வரை சரியாக இருக்கும்!

வீட்டில் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம். பழகாத கை அழுத்தினால் குஞ்சு செத்துப்போகும்.

சில ஜாதிகளில் இறகே காட்டிக் கொடுக்கும். பெட்டைக்கு இறக்கை ஓரத்து இறகு நீண்டிருக்கும், சேவலுக்குக் குட்டை. ஆனால் இது அதற்கென்றே உண்டாக்கிய ஜாதிகளுக்குத்தான். நாட்டுக்கோழிக்குப் பலிக்காது.

முட்டையைப் பார்த்தால் தெரியுமா?

கூரான முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்பார்கள். கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் 2,300 ஆண்டுகளுக்கு முன் இதையே தலைகீழாகச் சொன்னார். இரண்டும் தவறு!

கோழி இனத்தில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தாயின் கருவே முடிவு செய்கிறது. மனித இனத்தில் தந்தையின் கரு. (பெண் குழந்தை பிறந்ததென்று மருமகளை ஏசும் மாமியார்கள் கவனிக்க!)

ஜெர்மனியில் 2022 முதல் சேவல் குஞ்சுகளைக் கொல்லத் தடை. குஞ்சு பொரிக்கும் முன்பே முட்டையைச் சோதித்துப் பிரிக்கும் கருவிகள் அங்கே வந்துவிட்டன.

முட்டம் பாட்டிக்குக் கருவி எதற்கு? ஆறு முதல் எட்டு வாரம் வளர்ந்த நாட்டுக்கோழிகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் போதும். கொண்டை பெருத்துச் சிவந்திருந்தால் பெரும்பாலும் சேவல். சிறுத்து வெளிறியிருந்தால் பெட்டை.

பாட்டி மறுபடியும் வாங்கினாள். இந்தத் தடவை சந்தையில், இரண்டு மாதக் குஞ்சு. விலை கூடத்தான்!