ஏரிக்கரையில் கால் மணி நேரம்

"படிக்கவும் எழுதவும் ஆசைதான், நேரம் எங்கே?" என்பது பிழைப்பை நாடி வெளி மாநிலம் வந்த நம்மில் பலர் கூறும் குறை. பெங்களூரின் ஜோகுபாளையத்தில் வாழும் தமிழர் இல்லங்களிலும் இதே பேச்சுத்தான். இரவில் வீடு திரும்பி நூலைத் திறந்தால் கண் அயர்கிறது. குறை உண்மையே, ஆயினும் அதற்கு மாற்று உண்டு.

இயற்கை அறிஞர் மா. கிருஷ்ணன் (1912–1996), நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர். 1950 முதல் மறையும் வரை, 46 ஆண்டுகள், 'ஸ்டேட்ஸ்மன்' நாளேட்டில் இரு வாரத்துக்கு ஒரு முறை இயற்கைக் கட்டுரை எழுதிவந்தார். எப்போதும் பெருங்காட்டை நாடிச் சென்றாரல்லர்; வீட்டருகே திரியும் காக்கையும் பல்லியும்கூட அவருக்குப் பொருளாயின. நேரம் வாய்க்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை, தவணையை வரையறுத்துக்கொண்டார். தியடோர் பாஸ்கரன் அஞ்சல் துறையில் உயர் பதவி வகித்தவர். அவரும் அலுவலோடு எழுத்தையும் போற்றி வளர்த்தார். அவருடைய 'தாமரை பூத்த தடாகம்' போன்ற நூல்களில் ஒவ்வொரு கட்டுரையும் தனித்தனியே நிறைவு பெறுவது. நாளுக்கு ஒன்றாகப் படிக்கலாம்.

ஜோகுபாளையத்தார்க்கு அல்சூர் ஏரி நடை தூரம். ஏரிக்கு அருகிலேயே, 1950இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தின் நூலகமும் உண்டு. வாரம் ஒரு காலை, கால் மணி நேரம் கரையில் நிற்போம். சிறகை விரித்து வெயில் காயும் கரிய பறவை நீர்க்காகம். அதன் இறகு எளிதில் நனைவது. அதனாலேயே நீருள் மூழ்கி மீன் பிடித்தல் எளிதாகிறது. பின்னர்ச் சிறகை உலர்த்தியாக வேண்டும். இவ்வாறு படித்தறிந்த ஒன்றை நேரில் காணுங்கால், படிப்பும் இனிக்கிறது. பார்வையும் கூர்மை பெறுகிறது.

வீடு திரும்பியதும் நான்கு வரி எழுதுவோம்: நாள், வேளை, வானிலை, பறவை செய்த செயல். 'அழகு' என்னும் சொல்லை விடுத்து, கண்டதை மட்டும் குறித்தால் நடை தானே அமையும்.

நம் குழந்தைகள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயில்கின்றனர். அங்கே பறவைகளின் தமிழ்ப் பெயர்களைக் கற்பிப்பார் இல்லை. நாம் சொல்லாவிடின் கூழைக்கடாவும் நீர்க்காகமும் அவர்களுக்குப் பெயரற்ற பறவைகளே. கன்னட அண்டைவீட்டார் நீர்க்காகத்தை 'நீரு காகெ' என்பர்; அந்த உறவையும் குழந்தைகள் உணரட்டும்.

ஆகவே, வரும் ஞாயிறன்று குறிப்பேட்டுடன் குழந்தையையும் அழைத்துச் செல்வோம். முதற் பெயரை அக்குழந்தையே எழுதட்டும்.