கோடிக்கரைக் கானகம்

பழைய தஞ்சை ஜில்லாவில் வயலன்றி வனமும் உண்டோ என்று வியப்போர் பலர். 1930-இல் ராஜாஜியின் உப்பு யாத்திரை முடிவுற்ற வேதாரணியத்துக்குத் தெற்கே, கோடிக்கரையில் அவ்வனம் இருக்கிறது. 1967 முதல் அது சரணாலயம்.

வனத்துறையாரின் அனுமதி பெற்று, விடியற்காலையில் கால்நடையாகச் செல்லுங்கள். பாலை மரங்களினூடே நடந்தால் ராமர் பாதம் என்னும் மணல்மேடு; திறந்த புல்வெளியில் வெளிமான்கள்; குளிர்காலமாயின் சதுப்பு நிலத்தில் பூநாரைகள்.

ஆயினும், அப்புல்வெளியைச் சீமைக்கருவேல் விழுங்கி வருகிறது. வெளிமான் ஓடிப் பிழைக்கும் பிராணி. முள் அடர்ந்தால் அதற்கு மேய்ச்சலும் இல்லை, ஓட இடமும் இல்லை.

ஆண்டுதோறும் என் மாணாக்கர்களை அங்கே நடத்தி அழைத்துச் செல்வது இதனாலேயே. கண்ணால் கண்டறியாத ஒன்றைக் காக்க எவருக்கு மனம் எழும்?